தூங்கி வழியும் மாணவனும் வாய் திறக்காத மாணவியும்: நடுநிலை வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர் அறிவது எப்படி?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேரும் ஒரு பிள்ளையைப் பற்றி பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ என்ற மாணவர் தகவல் இணையதளத்தில் ஏராளமான விவரங்கள் இருக்கின்றன. ஆதார் எண், ரத்தப் பிரிவு, பெற்றோரின் தொழில், வருமானம், கைப்பேசி எண் என்று வகுப்பாசிரியர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பதிவேற்றுகிறார். ஆனால் அந்தப் பிள்ளை காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறதா என்று கேட்டால் பல நேரம் பதில் இருக்காது.

இந்தக் கேள்விக்கு ஆறாம் வகுப்பில் தனி முக்கியத்துவம் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்டது. பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அந்தத் தட்டை விட்டு எழ வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்புத் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஆறாம் வகுப்பு அக்கா வகுப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுவாள். மூன்றாம் பாடவேளையில் அவள் தலை சாய்ந்தால், “இந்தப் பெண்ணுக்குப் படிப்பில் கவனமே இல்லை” என்ற பெயர் வந்துவிடுகிறது.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் சோம்பல், திமிர், மந்தம் என்று பெயர் சூட்டப்படும் பலவற்றுக்குப் பள்ளிச் சுவருக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது. அது மறைபொருள் ஒன்றும் இல்லை. கேட்கிற விதமாகக் கேட்டால், பார்க்கிற நேரத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தபின் ஆசிரியர் மறுநாள் செய்கிற ஏதாவது ஒன்று மாற வேண்டும். மாறவில்லை என்றால் எமிஸில் இன்னொரு கட்டத்தை நிரப்பியதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

முதலில் இந்த வயதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பத்து வயதிலிருந்து பதின்மூன்று, பதினான்கு வயது வரை உடல் மாறுகிற வேகம் கைக்குழந்தைப் பருவத்துக்குப் பிறகு வேறெப்போதும் இருப்பதில்லை. பெண் பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள். ஆண் பிள்ளைகள் ஓரிரு ஆண்டு பின்னால் வருகிறார்கள். ஆகவே ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் குழந்தை முகமும் வளர்ந்த முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தன்னை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் தலைதூக்குகிறது. ஐந்தாம் வகுப்பில் தவறான பதிலையும் கை தூக்கிச் சொன்ன பிள்ளை, ஏழாம் வகுப்பில் சரியான பதில் தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை. பெற்றோரிடம் சொல்லாததைத் தோழனிடம் சொல்கிறது. அதே சமயம், வீட்டைச் சேராத ஒரு பெரியவர் தன்னைக் கவனிக்க மாட்டாரா என்றும் எதிர்பார்க்கிறது.

பள்ளி அமைப்பு அந்த எதிர்பார்ப்புக்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பிள்ளையின் பாட்டி வரைக்கும் தெரியும். அங்கிருந்து டவுன் பஸ் ஏறி அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தால் தமிழுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் நடுநிலை வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வரையறுக்கிறது. ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் முன்னால் அந்தக் கணக்குப்படியே 175 முகங்கள் வந்து போகும். அமெரிக்க உளவியலாளர் ஜாக்குலின் எக்கல்ஸும் அவருடைய சகாக்களும் 1993இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விளக்கியது: பிள்ளைக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் ஆசை பெருகும் வயதில் பள்ளி கட்டுப்பாட்டைக் கூட்டுகிறது, நெருங்கிய பெரியவர் தேவைப்படும் வயதில் ஆசிரியரை எட்டத்தில் நிறுத்துகிறது. இந்த வயதில் படிப்பில் ஆர்வம் சரிவதற்குப் பருவ வயதை மட்டும் குறை சொல்ல முடியாது, பொருந்தாத அமைப்புக்கும் பங்கு உண்டு என்பது அவர்கள் வாதம். நம் ஊரில் ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஐயம் எழாது.

நடுநிலைப் பள்ளிகளில் இந்த முறிவு குறைவு. ஒன்று முதல் எட்டு வரை அதே வளாகம், அதே ஆசிரியர்கள். ஆனால் அங்கே வேறு ஆபத்து இருக்கிறது. “அவன் மூன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான்” என்ற பேச்சு பிள்ளையுடன் கூடவே வகுப்பு வகுப்பாக ஏறி வரும். எட்டு ஆண்டு பழகியதாலேயே இன்றைய பிள்ளையைப் பார்க்காமல் போய்விடக்கூடும்.

தூக்கம் எங்கிருந்து வருகிறது

காலை இரண்டாம் பாடவேளையில் ஒரு மாணவன் தூங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரவெல்லாம் கைப்பேசி பார்த்திருப்பான் என்பது இப்போது எல்லோருக்கும் முதலில் தோன்றும் காரணம். அது சில பிள்ளைகளுக்குப் பொருந்தும். இந்த இரு மாவட்டங்களில் வேறு காரணங்களும் உண்டு.

இங்கே பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் நிறைய. புழு நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும். தன் வாழ்நாளில் தின்னும் மல்பெரி இலையில் பெரும்பகுதியை அந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான் தின்று தீர்க்கும். அந்த வாரம் வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. விடியற்காலையில் தழை அறுக்க வேண்டும், இரவு தாமதமாகவும் தழை போட வேண்டும். புழு பழுத்துவிட்டால் பொறுக்கி, அது கூடு கட்டும் தட்டியான சந்திரிகையில் விட வேண்டும். அதற்குச் சிறு கைகளும் தேவைப்படும். இளம்புழு வாங்கி வந்த நாளிலிருந்து கூடு அறுவடை வரை ஏறக்குறைய மூன்று வாரம்தான். ஆகவே இந்தத் தூக்கம் மாதம் முழுவதும் இருக்காது. வந்து போகும். வருகைப் பதிவேட்டையும் வீட்டுப்பாட நோட்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆசிரியருக்கு அந்த ஒழுங்கு புலப்பட்டுவிடும். “இப்போது என்ன பருவத்தில் இருக்கிறது?” என்று அவனிடம் ஒருமுறை கேட்டால் போதும், தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் நேற்றைக்குக் கிலோ என்ன விலை போனது என்பது வரை சொல்லுவான். அறிவியல் ஆசிரியருக்கு உருமாற்றப் பாடத்துக்கு இவனைவிடப் பெரிய துணை கிடைக்காது.

ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் பொழுது விடியுமுன் பூப் பறித்தாக வேண்டும். வெயில் ஏறிய பிறகு பறித்த பூவுக்குச் சந்தையில் மதிப்பு இல்லை. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வனப்பகுதியை ஒட்டிய ஊர்களில் கேழ்வரகு முற்றும் மாதங்களில் யானை இறங்கும். இரவுக் காவலுக்கு அப்பா பரணில் இருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கும் உறக்கம் அரைகுறைதான். பட்டாசுச் சத்தத்திலும் கூச்சலிலும் விழித்துக் கிடந்த பிள்ளை காலையில் பஸ் பிடித்து வந்து உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறது.

இவற்றைவிடப் பரவலான காரணம் பெங்களூரு. கட்டட வேலைக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பகுதிகளிலிருந்து கணவனும் மனைவியுமாகப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டி தாத்தாவிடம் இருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் தம்பி தங்கைக்குச் சோறு வடித்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வருகிறாள். சிலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இடையில் மூன்று மாதப் பாடம் இல்லை. அது அறிவுக் குறைவு கிடையாது. எந்த மூன்று மாதம் விட்டுப்போயிற்று என்று தெரிந்தால், பின்னத்தில் தடுமாறுவது ஏன் என்று புரியும், பின்னத்திலிருந்தே தொடங்கலாம்.

காரணம் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. யானையை ஆசிரியர் விரட்ட முடியாது. ஆனால் அந்த வாரம் வீட்டுப்பாடத்தைக் குறைக்கலாம், தேர்வை இரண்டு நாள் தள்ளிக் கொடுக்கலாம், பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தாமல் இருக்கலாம். வேலைச் சுமை அளவுக்கு மீறினால் பெற்றோரிடம் பேசலாம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் பள்ளி நேரம் போகத்தான் குடும்ப வேலையில் உதவலாம், அதுவும் படிப்பைப் பாதிக்காத அளவில்.

வாயைப் பொத்தும் கை, வராத சொல்

பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பிள்ளைகளை இந்த இரு மாவட்டங்களில் பார்க்கலாம். சிரிக்கும்போது உதட்டைத் திறக்க மாட்டார்கள். வாசிக்கச் சொன்னால் குனிந்துகொண்டு முணுமுணுப்பார்கள். மரியாதை இல்லை, கூச்சம், குரல் எழவில்லை என்றெல்லாம் பொருள் கொள்ளப்படுகிறது. வாயைத் திறந்தால் தெரிவது பழுப்புக் கறை படிந்த முன்பற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீரை, நிலைப்பற்களின் எனாமல் உருவாகும் சிறு வயதில் தொடர்ந்து குடித்தால் கறை பல்லுக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. துலக்கினால் போகாது. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆயினும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் இன்னும் வகுப்பில் இருக்கிறார்கள். ஏழாம் வகுப்பில், முகக் கண்ணாடி முன் நிற்கத் தொடங்கும் வயதில், இந்தப் பல் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பாரம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். “பல் துலக்கினாயா?” என்று வகுப்பில் கேட்கும் ஒரு கேள்வி அந்த ஆண்டு முழுவதும் அவளை ஊமையாக்கிவிடும். ஃபுளோரைடு பற்றிய பாடத்தை ஆசிரியர் எல்லோருக்கும் பொதுவாக ஒருநாள் நடத்தி, இது சுத்தக் குறைவால் வருவதில்லை என்று சொல்லிவிட்டால் பல பிள்ளைகளின் கை தானாகக் கீழே இறங்கும்.

மௌனத்துக்கு இன்னொரு காரணம் மொழி. ஓசூர், தளி, சூளகிரி, வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். ஓசூரிலும் கிருஷ்ணகிரி நகரிலும் உருது பேசும் வீடுகள், சில ஊர்களில் லம்பாடி பேசும் வீடுகள். தெலுங்கு, கன்னட, உருது வழி அரசுப் பள்ளிகளும் இங்கே உண்டு. 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு அவற்றிலும் தமிழ் கட்டாயப் பாடம். ஐந்தாம் வகுப்பு வரை பேச்சுத் தமிழில் சமாளித்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலின் தமிழ் வேறொரு மொழி போலத்தான் இருக்கும். “தெரியவில்லையா, சொல்ல வரவில்லையா?” என்று பிரித்தறிவது இங்கே ஆசிரியரின் முதல் கடமை. எளிய வழி ஒன்று உண்டு. வீட்டு மொழியிலேயே முதலில் பதில் சொல்லச் சொல்லி, பக்கத்துப் பிள்ளையைத் தமிழில் சொல்லவைக்கலாம். தெலுங்கு தெரியாத ஆசிரியருக்கும் இரண்டு நிமிடத்தில் அந்தப் பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டுவைக்கலாம். பதிவேட்டுப் பெயரைக் கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், அப்பா என்ன வேலை என்று சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. இதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்பா இறந்துபோன பிள்ளை, விட்டுவிட்டுப் போன அப்பாவை உடைய பிள்ளை, குடித்துவிட்டுச் சாலையோரம் கிடப்பதை ஊரே பார்த்த அப்பாவை உடைய பிள்ளை இவர்கள் எல்லோரும் தங்கள் முறை வருவதற்குள் ஒரு பொய்யைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு பொய்யில் தொடங்குகிறது. எமிஸில் ஏற்கெனவே இருக்கும் தகவலை அறிய இந்த விலை எதற்கு?

எழுதிக் கேட்பது நல்லது. கால் தாள் போதும். ஆனால் கேள்வியில் கவனம் வேண்டும். “உன் லட்சியம் என்ன?” என்றால் மருத்துவர், கலெக்டர், போலீஸ் என்ற மூன்று விடைகளுக்குள் வகுப்பே அடங்கிவிடும். “நேற்று மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை என்ன செய்தாய்?” என்றால் ஒரு வீடு முழுவதும் கண்முன் வரும். மாடு பிடித்துக் கட்டியது, புளி உடைத்துக் கொட்டை எடுத்தது, தம்பிக்குக் களி கிண்டியது, அம்மாவிடமிருந்து போன் வருமென்று காத்திருந்தது. “உனக்குச் செய்யத் தெரிந்து எனக்குத் தெரியாதது எது?” என்பது இன்னொரு நல்ல கேள்வி. “வகுப்பில் யாரிடமும் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொல்ல ஏதாவது இருக்கிறதா?” என்பதைக் கடைசியில் வைக்கலாம், பதில் எழுத வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. எழுத வராத பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலும் உண்டு. அவர்கள் சொல்லச் சொல்ல ஆசிரியரே எழுதிக்கொள்ளலாம், யார் காதிலும் விழாதபடி.

சமூக அறிவியலில் வரைபடப் பாடம் வரும்போது வீட்டிலிருந்து பள்ளி வரை வழியை வரையச் சொல்லுங்கள். பஸ் நிறுத்தம், சுடுகாடு, மதுக்கடை, கடிக்கும் நாய் உள்ள தெரு, மழைக்காலத்தில் நீர் ஓடும் ஓடை எல்லாம் அதில் வந்துவிடும். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, விடுதியிலிருந்து பள்ளிக்கு இரண்டு கோடு போட்டுவிட்டு, மலை வீட்டைத் தாள் நிறைய வரைந்து வைக்கும்.

யார் யாரோடு பழகுகிறார்கள் என்பதை அறிய மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ 1930களில் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. அடுத்த வேலையை யாரோடு சேர்ந்து செய்ய விரும்புகிறாய், இரண்டு பெயர் எழுது என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, பெயர்களை அம்புக்குறியால் இணைத்துப் பார்ப்பது அது. ஒரு பெயரை நோக்கி ஒன்பது அம்பு போகும். இன்னொரு பெயரை நோக்கி ஒன்றுகூட வராது. அந்த இரண்டாவது பிள்ளைதான் ஆசிரியருக்கு முக்கியம். யாரைப் பிடிக்காது என்று மட்டும் ஒருபோதும் கேட்கக் கூடாது. தாள்களை யாருக்கும் காட்டவும் கூடாது.

அம்புகள் ஊர்ப் பக்கமும் காலனிப் பக்கமுமாகப் பிரிந்து நிற்பதையும் இந்தப் படம் காட்டக்கூடும். அதைப் பார்த்தும் பாராதது போல் இருந்துவிடக் கூடாது. குழுக்களைக் கலந்து அமைப்பது, தண்ணீர்ப் பானையருகில் யார் யாருக்கு மொண்டு ஊற்றுகிறார்கள் என்று கவனிப்பது எல்லாம் ஆசிரியர் கையில் இருக்கிறது. நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியால் சக மாணவர்களால் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பின் 2023இல் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பே இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பிள்ளையின் சாதியைத் தெரிந்துகொண்டதும் பிள்ளையைத் தெரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் ஆசிரியர் அறைகளிலும் உண்டு. எதையும் விசாரிக்காமல் எல்லாம் அறிந்துவிட்டதாக நினைக்க வைப்பது அதுதான்.

எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே நாளில் நெருங்க முடியாது. மிகவும் முரண்டு பிடிக்கிற ஒரு பிள்ளையைத் தேர்ந்து, பத்து நாள் தொடர்ந்து நாளுக்கு இரண்டு நிமிடம் படிப்பைத் தவிர வேறெதையாவது பேசுவது ரேமண்ட் விளோட்கோவ்ஸ்கி என்ற கல்வியாளர் சொன்ன வழி. எருது விடும் விழாவைப் பற்றிப் பேசலாம், மாம்பழத்தைப் பற்றிப் பேசலாம். பள்ளியில் வேறு சிலருக்கும் பிள்ளைகளைத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. உடற்கல்வி ஆசிரியருக்கு ஒருவனின் கோபம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்திருக்கும். சத்துணவு அமைப்பாளருக்கும் சமையலருக்கும் யார் இரண்டாவது முறை தட்டை நீட்டுகிறார்கள், யார் முட்டையைத் தங்கைக்காக எடுத்து வைக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும்.

வீட்டுக்குப் போவது

ஆசிரியர் வீட்டு வாசலில் வந்து நின்றால் இந்தப் பக்கத்தில் இரண்டே பொருள்: பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, அல்லது தவறு செய்துவிட்டது. சேர்க்கைக் காலத்தை விட்டால் வேறு எதற்கும் நாம் போவதில்லை. ஆகவே ஆசிரியரைக் கண்டதும் பாட்டி பயந்துபோகிறார், பிள்ளை ஓடி ஒளிகிறது.

1992இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்பவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு வேறு வகையான வருகையைக் காட்டியது. மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்கள் கற்றுக்கொள்பவர்களாகப் போனார்கள். உழவு, கட்டட வேலை, வணிகம், மூலிகை மருத்துவம் என்று அந்த வீடுகளில் குவிந்திருந்த அறிவைக் குறித்துக்கொண்டு வந்து பாடமாக்கினார்கள். மெக்சிகோ மிட்டாயை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் விற்கும் ஒரு மாணவனைப் பார்த்த ஆசிரியர் மிட்டாயையே பாடப்பொருளாக எடுத்தார்; ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. சென்ட்ரிங் வேலை செய்யும் அப்பாவுக்குச் செங்கோணம் பார்க்கத் தெரியும். மூன்றடி, நான்கடி, ஐந்தடி அளந்து மூலை மட்டம் பார்க்கும் வழக்கம் எட்டாம் வகுப்பில் வரும் பிதாகரஸ் தேற்றம்தான். பாலக்கோட்டுத் தக்காளி விவசாயியின் வீட்டில் பெட்டிக்கு என்ன விலை, ஏற்றுக்கூலி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்ற பேச்சில் சதவீதக் கணக்கு முழுவதும் இருக்கிறது. புளிக் கொட்டை எடுக்கும் அம்மாவுக்குக் கிலோ கணக்கில் கூலி. மகள்தான் அதைக் கூட்டிச் சொல்கிறாள்.

போகிற நேரம் முக்கியம். காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் திரும்பி, பொழுது சாய்ந்த பிறகு போக வேண்டும். பெங்களூரில் இருப்பவர்கள் பொங்கலுக்கும் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கும் வருவார்கள். அந்த நாட்கள் அப்பாவைப் பார்க்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. திண்ணையில் உட்கார்ந்து, கொடுக்கும் தண்ணீரைக் குடித்து, பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல சேதியை முதலில் சொல்ல வேண்டும். குறை ஏதும் சொல்லாமலே திரும்புவது சிறப்பு. வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடவே கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்தில் அதுதான் கடைசி இடம். அந்தத் தலைமுறைதான் இன்றைய பாட்டிகளும் பல பெற்றோரும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவர்கள் வராததற்கு அக்கறையின்மை காரணம் என்று சொல்லிவிடுகிறோம். கூலி இழப்பும், படித்தவர்கள் நடுவில் உட்காரும் தயக்கமும் காரணமாக இருக்கலாம்.

இவ்வளவும் மதிப்பெண்ணுக்கு உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஹன்டர் கெல்பாக்கும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பொதுவாக இருந்த ஐந்து விருப்பங்களை ஆசிரியர்களுக்குச் சொன்னார்கள். அந்த மாணவர்களோடு உறவு மேம்பட்டதாக ஆசிரியர்கள் உணர்ந்தார்கள், மாணவர்களின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. ஒரே பள்ளியில் நடந்த ஆய்வு என்பதால் அதற்கு மேல் அதை இழுக்க நான் விரும்பவில்லை.

எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் குழந்தைத் திருமணத்தோடு இன்றும் போராடிக்கொண்டிருக்கும் மாவட்டங்கள். பெண் வயதுக்கு வருவது பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள். மஞ்சள் நீராட்டு விழாவுக்காகச் சில நாள் விடுப்பு எடுத்துத் திரும்பும் பிள்ளையை வகுப்பு எப்படி வரவேற்கிறது என்பதில் அவள் தொடர்ந்து வருவதும் வராததும் கொஞ்சம் இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, வயிற்றுவலி என்றால் யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியுமா என்பதை ஓர் ஆசிரியை பார்த்துக்கொண்டால் போதும்.

உள்ளூர் நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்து, உயர்நிலைப் பள்ளி சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்களில் எட்டாம் வகுப்பின் கடைசி மாதங்கள் ஆபத்தானவை. “இனி எதற்கு அனுப்புவது” என்ற பேச்சு அப்போதுதான் வீட்டில் எழும். சொந்தத்தில் மாப்பிள்ளை இருக்கிறது என்பது அடுத்த பேச்சு. அந்தப் பெண் முதலில் தோழியிடம் சொல்வாள். தோழி ஆசிரியையிடம் சொல்வாளா என்பது அந்த ஆசிரியை முந்தைய இரண்டு ஆண்டுகளில் எப்படிப் பழகினார் என்பதைப் பொறுத்தது. நெருக்கடி வந்தபின் புதிதாக நம்பிக்கையை உண்டாக்க நேரம் இருக்காது. 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணின் திருமண வயது 18. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். பெற்றோரிடம் சட்டத்தை மட்டும் பேசாமல் வேறொன்றையும் சொல்லலாம். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிப் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்க, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். அவள் ஏற்கெனவே மூன்று வகுப்புகளைக் கடந்துவிட்டாள் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் சில அப்பாக்கள் யோசிக்கிறார்கள்.

நெருங்கிப் பழகும் ஆசிரியரிடம் பிள்ளைகள் பெரிய விஷயங்களையும் சொல்வார்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. பாலியல் தீங்கு என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அறிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். “உன் பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்” என்பது பிள்ளைக்குப் புரியும் பேச்சு. மற்றச் செய்திகள் ஆசிரியர் அறைப் பேச்சாக மாறாமல் இருப்பது நம் பொறுப்பு. ஒருமுறை கசிந்துவிட்டால் அந்தப் பிள்ளை மீண்டும் வாய் திறக்காது, மற்றப் பிள்ளைகளும் திறக்க மாட்டார்கள்.

ஆசிரியருக்கு நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. பதிவேற்றங்கள், பயிற்சிகள், நலத்திட்டப் பொருள் வழங்கல் என்று வகுப்பாசிரியரின் நாள் துண்டு துண்டாகிறது. வாரத்தில் ஒரு பாடவேளையாவது பாடம் இல்லாமல் தன் வகுப்போடு இருக்க அவருக்குக் கால அட்டவணையில் இடம் வேண்டும். மாதம் ஒருமுறை ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஐந்து பேரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும். தலைமையாசிரியர் மனம் வைத்தால் இவை நடக்கும்.

நடக்கக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. மாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர் வேறு மாவட்டத்துக்குப் போனால் அவர் அறிந்ததெல்லாம் அவரோடு போய்விடுகிறது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்ற ஒரே சொல்தான் போகிறது. அதற்குப் பதில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கும், எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியருக்கும் பிள்ளைக்கு நான்கு வரி எழுதித் தரலாம். ‘சோம்பேறி’, ‘சேட்டைக்காரன்’ போன்ற சொற்களும் வீட்டு ரகசியங்களும் அதில் கூடாது. பாட்டியிடம் வளர்கிறாள், முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதே முக்காலுக்குத்தான், வீட்டில் தெலுங்கு, பின்னம் இன்னும் வரவில்லை, சத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், படம் நன்றாக வரைவாள் என்ற அளவில் போதும். எழுத நேரமில்லை என்றால் ஜூன் முதல் வாரத்தில் இரு பள்ளி ஆசிரியர்களும் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசிக்கொள்ளலாம். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.